கிரைண்டர் நின்ற வீடு

ஜூன் 11, புதன்

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. அஞ்சு மாதமாக அரிசி டின்னுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. அதை உருவி எடுத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் மனைவி சொர்ணவல்லி. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு போனில் உத்தரவு போடுகிறாள்.

"திங்கக்கிழமை டாக்டரம்மாகிட்டக் காட்டப் போறீங்கள்ல? உளுந்து எப்பக் கத்துது, என்ன திங்குது, எங்க போய் நிக்குது, எல்லாத்தையும் எழுதி வைங்க. இல்லாட்டி அங்க போயி பேந்தப் பேந்த முழிப்பீங்க."

மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னை எந்த சூப்பர்வைசரும் இப்படிப் பேசியதில்லை. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

உளுந்து எங்கள் பூனை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் உளுந்து மூட்டைக்குள் படுத்துக் கிடந்த கறுப்புக் குட்டி, அதனால் அந்தப் பேர். இப்போது மீசைப் பக்கமெல்லாம் நரைத்துவிட்டது. பல்லும் பாதிதான் இருக்கிறது. என்னை மாதிரியே இருக்கிறது என்று சொர்ணம் சொல்லுவாள். எனக்குப் பல் முழுசாக இருக்கிறது.

சொர்ணத்தின் அக்கா பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பிள்ளை இல்லாதவர். அதனால் சொர்ணம் போன வாரம் துணைக்குக் கிளம்பிவிட்டாள். இட்லி மாவு அரைத்து விற்பவள் அவள். இந்த ஆரப்பாளையத்தில் நாலு தெருவுக்கு அவள் மாவுதான். வியாபாரத்துக்கு லீவு விட்டு, கிரைண்டர் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினாள். போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நான் வர்றப்ப உளுந்து இருக்கணும்."

எங்கள் காம்பவுண்டில் அஞ்சு குடித்தனம். கிரைண்டர் நின்றதில் எல்லோருக்கும் கொண்டாட்டம். மதுரை வெயிலில் பகலில் அரைத்தால் சாயங்காலத்துக்குள் மாவு பொங்கிப் புளித்துவிடும் என்று சொர்ணம் ராத்திரியில்தான் அரைப்பாள். ஊர் படுக்கிற நேரத்தில் தொடங்கினால் நடுச்சாமம் வரை ஓடும். பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சர் போன வருஷம் இதற்காகச் சண்டை பிடித்து, அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சொர்ணம் பஸ் ஏறிய அன்று எதிர்வீட்டு முபாரக், ஷேர் ஆட்டோ ஓட்டுபவன், "மாமா, இனிமே நிம்மதியாத் தூங்கலாம்" என்றான். நானும் சிரித்துவைத்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி உளுந்து ஆரம்பித்தது. மியாவ் எல்லாம் இல்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்து, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து ஓர் ஓலம். யாரோ பிள்ளையைப் போட்டு அடிக்கிறார்கள் என்று முபாரக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டான்.

ஜூன் 12, வியாழன்

கத்தியது. மத்தி மீன் வைத்தேன். தின்றுவிட்டுக் கத்தியது.

ஜூன் 14, சனி

வீட்டுக்காரர் தனுஷ்கோடி மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் இறங்கி வந்தால் ஒன்று வாடகை ஏறும், இல்லை தண்ணீர் நிற்கும். இன்று இரண்டும் இல்லை.

"ஏப்பா தெய்வேந்திரா, பூனை அழுதா வீட்டுக்கு ஆகாதுப்பா. நானே சுகர்க்காரன். ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்ல."

"வயசாயிருச்சுண்ணே அதுக்கு."

"எனக்கு மட்டும் ஆகலையா? நானா கத்துறேன்? இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு. நிக்கலைன்னா அலங்காநல்லூர்ல மச்சினன் தோப்பு இருக்கு. அங்க கொண்டுபோய் விட்டுருவோம்."

அந்தத் தோப்பை நான் பார்த்திருக்கிறேன். கன்றுக்குட்டி உயரத்துக்கு மூன்று நாய்கள் நிற்கின்றன. பல்லில்லாத கிழட்டுப் பூனை அங்கே ஒரு ராத்திரி தாங்காது. சொர்ணத்திடம் தோப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. இன்னும் கத்துகிறது என்று மட்டும் சொன்னேன்.

"பாவம், என்னையத் தேடுது" என்றாள். குரலில் பெருமை. "போன அது காதுல வைங்க, நான் பேசுறேன்."

ஸ்பீக்கரில் போட்டுப் பூனையின் தலைமாட்டில் பிடித்தேன். "என் தங்கம், என் சக்கர, சாப்டியா? வெயில்ல திரியாத. மோர் குடி. பிரஷர் மாத்திரைய மறந்துறாத" என்று அரை மணி நேரம். பூனைக்கு ஏது பிரஷர் மாத்திரை? அக்காவைப் பார்த்துக்கொண்ட அலுப்பில் உளறுகிறாள். போன் பிடித்துப் பிடித்து எனக்குக் கை வலித்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஒரு தடவைகூடத் தங்கம் ஆனது கிடையாது.

அதன் பிறகும் கத்தியது.

ஜூன் 16, திங்கள்

மீன் கூடைக்குள் உளுந்தை உட்காரவைத்து, வலையைக் கட்டி, முபாரக் ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். வழியில் ஏறிய ஒரு அம்மாள் கூடையை எட்டிப் பார்த்து, "மீன் என்ன விலைண்ணே?" என்று கேட்டார். உளுந்து பதில் சொன்னது. அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. பொறுமைசாலி. ரத்தம் எடுத்தார், வயிற்றை அமுக்கினார், பிரஷர்கூடப் பார்த்தார். (ஓ, பூனைக்கும் பிரஷர் உண்டாம்.) கிட்னி, தைராய்டு எல்லாம் வயசுக்குப் பரவாயில்லை என்றார். பிறகு பூனைக்குப் பின்னால் போய் எவர்சில்வர் தட்டை டமாரென்று கீழே போட்டார். நான் துள்ளி விழுந்தேன். உளுந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காது சுத்தமாக் கேக்கலைங்க ஐயா. அது கத்துறது அதுக்கே கேக்காது. அதான் இவ்வளவு சத்தம்."

சின்ன லைட் ஒன்று எரியட்டும், படுக்கப்போகும்போது கொஞ்சம் சாப்பாடு, சாயங்காலம் விளையாட்டு, கத்தினால் திட்டாமல் தடவிக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் சொன்னார்.

"வீட்டுல சமீபத்துல எதாச்சும் மாறுச்சா?"

"வீட்டம்மா ஊருக்குப் போயிருக்கா."

"அப்ப அதாத்தான் இருக்கும்" என்றார். அவர் ஏன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

காது கேட்காத விஷயத்தைச் சொர்ணத்திடம் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருப்பவளை எதற்கு வருத்தப்படுத்துவது? இன்று ராத்திரியும் போனைப் பூனையின் காதில் வைத்தேன். ஸ்பீக்கரில்தான்.

ஜூன் 18, புதன்

நைட் லாம்ப் வாங்கி மாட்டினேன். கத்தியது. சொர்ணத்தின் பழைய சேலையை மடித்து மெத்தை போட்டேன். சேலை மேல் ஏறி நின்று கத்தியது. சாயங்காலம் சணல் கயிற்றில் கருவாட்டைக் கட்டி, வீடு முழுக்க இழுத்துக்கொண்டு ஓடி விளையாட்டுக் காட்டினேன். உளுந்து உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

ஒன்று கவனித்தேன், எழுதி வைக்கிறேன். கத்துவதற்கு முன்னால் நடையில் இருக்கும் கிரைண்டர் பக்கம் போகிறது. போர்வையில் தலையை முட்டுகிறது. அப்புறம்தான் வாயைத் திறக்கிறது. சொர்ணம் உட்காரும் பலகை அங்கேதான் கிடக்கிறது. அந்த வாசனைக்குப் போகிறது போல.

எனக்கும் தூக்கமில்லை. பூனையால்தான்.

ஜூன் 21, சனி

இன்று நடந்ததைச் சொர்ணம் நேரில் பார்த்திருக்க வேண்டும். ஜெசிந்தா டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"அண்ணே... நாளைக்கு என் பையனுக்குப் புதுநன்மை, மொதமொதல்ல நற்கருணை வாங்குறான். கோயில்ல பூசை முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கு வர்றாங்க. வடைக்கு ஊறப்போட்டிருக்கேன். மிக்சி புகைஞ்சுருச்சு." கண் நடையில் இருந்த கிரைண்டர் பக்கம் போனது. "உங்க கிரைண்டர்ல அரைச்சுக்கிறவா?"

"சத்தம் வருமே டீச்சர்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் சொன்னதில் ஒரு சுகம் இருந்ததை மறைக்க முடியாது.

"ஒரு நாளைக்குத்தானண்ணே, பரவால்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பாவமாகப் போய்விட்டது. போர்வையை எடுத்து, கல்லைக் கழுவிக் கொடுத்தேன். கோயில் வேலையெல்லாம் முடித்துவிட்டுப் படுக்கிற நேரத்தில்தான் உளுந்தம் பருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கட்டிலில் சாய்ந்தபடி மேற்பார்வை பார்த்தேன். கல் சுற்றும் சத்தம் நன்றாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று உளுந்து கத்தவில்லை! ஒரு முனகல்கூட இல்லை. டீச்சர் மாவை வழித்துக்கொண்டு போனபோதே கிரைண்டர் காலில் ஒட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் டீச்சர் வடையும் பாயசமும் கொண்டுவந்தபோது, "உங்க பூனை நேத்து நல்லாத் தூங்குச்சு போலயே" என்றார். வடை மாவு வாசனைதான் காரணம் என்று முடிவு செய்து, உளுந்துக்கும் ஒரு வடை பிட்டு வைத்தேன். உளுந்துக்கு உளுந்து வடை! மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நான் தின்றேன்.

ஜூன் 23, திங்கள்

நேற்று ராத்திரி கத்திய கத்தில் தனுஷ்கோடி மாடியிலிருந்தே, "இன்னும் ஒரு வாரம்தாண்டா!" என்று பதிலுக்குக் கத்தினார். அப்படியானால் வடை இல்லை.

பகல் பூராவும் யோசித்தேன். மில்லில் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற பரமன் என்று ஒருவன் இருந்தான். நைட் ஷிஃப்டில் மெஷின் நடுவில் உட்கார்ந்தபடியே குறட்டை விடுவான். லீவு நாளில் வீட்டில் அவனுக்குத் தூக்கமே வராது. ராத்திரி சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து மில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்கிவிட்டுப் போவான். உள்ளே மெஷின் ஓடினால் அந்தச் சுவர் லேசாக அதிரும். அதுதான் அவனுக்குத் தாலாட்டு.

இது ஞாபகம் வந்ததும் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். உளுந்துக்குக் காதுதான் கேட்காது. உடம்பு கேட்குமே! பதினாறு வருஷமாக ராத்திரி ராத்திரி அந்தக் கிரைண்டர் காலில் ஒட்டிக்கொண்டு படுத்த பூனை. மோட்டார் சூடும் அதிர்வும் திடீரென்று நின்றுபோனால் அது என்ன நினைக்கும்? உலகமே நின்றுபோய்விட்டது என்றுதானே நினைக்கும்?

அட மண்டூகமே! ஃபிட்டராம் ஃபிட்டர்!

ஜூன் 24, செவ்வாய்

வெறுங்கல்லை ஓட்டினால் கல் தேய்ந்துவிடும், சொர்ணம் என்னைக் கொன்றுவிடுவாள். எனவே அரிசியும் உளுந்தம் பருப்பும் வெந்தயமும் ஊறப்போட்டு, நேற்று ராத்திரி நானே அரைத்தேன். ஓடத் தொடங்கியதும் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது. உளுந்து சமையலறையிலிருந்து கிளம்பி, நிதானமாக நடந்து வந்து, கிரைண்டர் காலில் முதுகை ஒட்டிப் படுத்தது. நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் தூக்கம்.

சந்தோஷத்தில் குதித்தேன். அறுபத்து நாலு வயதில் குதிக்கக் கூடாது என்று முழங்கால் சொன்னது.

கல்லை நிறுத்திய பிறகும் அது விடியும்வரை எழவில்லை.

ஜூன் 25, புதன்

மாவு மலையாகக் குவிந்துவிட்டது. காம்பவுண்டு முழுக்கக் கொடுத்தேன். தண்ணீர் கொஞ்சம் தூக்கலாகிவிட்டதாம். "அண்ணே, இட்லி ஊத்துனா ஆப்பம் வருது" என்றார் டீச்சர். முபாரக் மட்டும், "ருசியா இருக்கு மாமா, ஸ்பூன்ல எடுத்துச் சாப்பிட்டோம்" என்றான்.

இதைவிடப் பெரிய வேடிக்கை இனிமேல்தான். நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு அசதியில் கண்ணை மூடினேன். கதவைத் தட்டும் சத்தம். ஜெசிந்தா டீச்சர்!

"என்னண்ணே, இன்னும் கிரைண்டரப் போடலையா? நேரமாகுதுல்ல? பூனை எந்திரிச்சிறப் போகுது."

கிரைண்டரை நிறுத்தச் சொல்லிப் பஞ்சாயத்து வைத்த அதே டீச்சர். மாடியிலிருந்து தனுஷ்கோடியும் குரல் கொடுத்தார்: "போடுப்பா தெய்வேந்திரா! அந்தச் சத்தத்துக்கு இத்தன வருசம் பழகிட்டோம்ல!" தோப்பு என்ன ஆச்சு அண்ணே என்று கேட்டேன். "எந்தத் தோப்பு?" என்றார் மனுஷன். போதும். உளுந்து இங்கேதான் இருக்கும்.

நடுச்சாமத்தில் கிரைண்டரை நிறுத்தினேன். நிறுத்தியதும் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. உளுந்து தூங்கியது, டீச்சர் தூங்கினார், முபாரக் குறட்டை இங்கே வரைக்கும் கேட்டது. எனக்கு மட்டும் விடிகிறவரை கண்ணை மூட முடியவில்லை. இப்போது பூனை மேல் பழி போடவும் வழியில்லை.

ஜூன் 26, வியாழன்

சொர்ணம் சாயங்காலமே பேசினாள். அக்காவுக்கு இன்னும் ஒரு மாசம் கட்டுப் பிரிக்க முடியாதாம்.

"உளுந்து இன்னும் அழுவுதாங்க?"

"ம்" என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கிழம நான் வந்துர்றேன். அக்காவுக்கு ஒரு ஆள் போட்டுக்கிறலாம். பச்சப்புள்ள மாதிரி அழுவுதுன்னா எப்பிடி விட்டுட்டு இருக்கிறது?"

உளுந்து என் காலடியில் கவலையே இல்லாமல் காலை நக்கிக்கொண்டிருந்தது. 'ம்' என்பதற்கு இன்னதுதான் அர்த்தம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தொண்டையில் சளி இருந்தால்கூட 'ம்' வரும்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் காப்பி இறங்கவில்லை. காலை உடைத்துக்கொண்டு கிடக்கிற மனுஷியை முன்பின் தெரியாத ஆள் கையில் விட்டுவிட்டு, இங்கே சுகமாகத் தூங்குகிற பூனைக்காக இவள் ஓடி வரப்போகிறாள். உண்மையைச் சொன்னால் இன்னும் ஒரு மாசம் வரமாட்டாள். சொல்லாவிட்டால் நாளை மறுநாள் வந்துவிடுவாள். பகல் முழுக்கப் போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன்.

ராத்திரி கல் ஓடிக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள். எடுத்துக் காதில் வைத்ததுதான் தாமதம்:

"அது என்ன சத்தம்? யாரு என் கிரைண்டரப் போட்டது? தண்ணி நெறைய ஊத்திட்டீங்க, கல்லு சளக்கு சளக்குன்னு கேக்குது!"

கிரைண்டர் பிறந்த ஊரிலிருந்து பேசுகிறாள், அவளை ஏமாற்ற முடியுமா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தோப்பு, டீச்சர் வடை, பரமன், மாவு, உளுந்து நாலு நாளாகத் தூங்குவது, எல்லாம்.

"அப்ப அது என்னையத் தேடலையா?" என்றாள்.

"இல்ல. கிரைண்டரத் தேடுச்சு."

"அப்ப நேத்து அழுவுதான்னு கேட்டதுக்கு 'ம்'முன்னீங்களே. அது யாரு?"

கல் சுற்றிக்கொண்டிருந்தது. சொல்லாமல் தப்பிக்க ஒரு வழியும் தெரியவில்லை.

"நான்தான்" என்றேன். "தூக்கமே வரல சொர்ணம். நீ போனதுலருந்து."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை. "அந்த வாயில்லா சீவன்கூடத் தொண்டை கிழியக் கத்திச் சொல்லுச்சு. உங்களுக்கு என்ன கேடு?" என்றாள். "வைங்க. அக்காகிட்டப் பேசிட்டுக் கூப்புடுறேன்."

கூப்பிட்டாள். அக்காவையும் சேர்த்துக் காரில் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். கட்டிலை ஜன்னல் ஓரம் போட்டு வைக்க வேண்டுமாம், பாத்ரூமைப் பாசி இல்லாமல் தேய்க்க வேண்டுமாம்.

ஜூன் 28, சனி

பாத்ரூம் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வந்துவிட்டாள். முபாரக்கும் நானும் அக்காவை நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுவந்தோம். சொர்ணம் முதலில் என் மாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள், அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "இத வாங்கிட்டுப் போனாங்களா? யாரும் சண்டைக்கு வரலையா?" ஜெசிந்தா டீச்சர் வாசலில் நின்று, "வாங்கக்கா" என்றார். "வந்தேன் டீச்சர். மிக்சி சரியாச்சா?" என்றாள் சொர்ணம். ஒரு வருஷச் சண்டை அதோடு தீர்ந்தது.

உளுந்து அவள் மடியில் ஏறிப் படுத்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, டாக்டரம்மா சொன்ன விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். "மனசு கஷ்டப்படாத. உளுந்துக்குக் காது கேக்காதாம்."

"தெரியுமே. ரெண்டு வருசமாக் கேக்காது."

"பிறகு எதுக்குப் போன அது காதுல வைக்கச் சொன்ன? தெனம் அரை மணி நேரம் யாருகிட்டப் பேசுன?"

"ஸ்பீக்கர்லதானே போடுவீங்க" என்றாள், பூனையின் நெற்றியைத் தடவிக்கொண்டே. "உங்ககிட்ட நேராப் பேசுனா என்ன பதில் வரும்? சாப்டீங்களான்னா 'ம்'. தூங்குனீங்களான்னா 'ம்'. மாத்திரை போட்டீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல."

போட்டேன் என்றேன். முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

ராத்திரி அவள் அரிசி ஊறப்போட்டுக் கல்லைக் கழுவினாள். நான் கட்டிலில் சாய்ந்தேன்.

ஜூன் 30, திங்கள்

நேற்று கிரைண்டர் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.